பின்பக்கம் ஷீட் கூரை போடப் போகிறவர்கள் கவனத்துக்கு: சதுர அடி ரேட்டை மட்டும் பேசாதீர்கள்

சென்னைப் புறநகரில் மாடி இல்லாத ஒரு வீடு. சமையலறையைப் பின்பக்கம் 12-க்கு 15 அடி நீட்ட, கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: கலர் ஷீட் கூரை, சதுர அடிக்கு இவ்வளவு. ஐப்பசி மழையில் பழைய சுவரை ஒட்டி ஒழுக ஆரம்பித்தது. இப்போது கூப்பிட்டால் அவர் போனை எடுப்பதில்லை. அந்த ஒரு வரியில் எழுதாமல் விட்டதெல்லாம்தான் இன்று ஒழுகுகிறது.

முதலில் வாட்டம், அதாவது தண்ணீர் வடியக் கொடுக்கும் சரிவு. ஷீட்டின் மேல்முனையை ஜன்னல் சன்ஷேடுக்குக் கீழே, ஏழடி உயரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அங்கிருந்து சரியான வாட்டம் கொடுத்தால் வெளிப்பக்கம் தலை இடிக்கும். அதனால் 12 அடிக்குக் கொடுத்தது ஆறே அங்குலம். சன்ஷேடுக்கு மேலே, பழைய தளத்துக்குக் கீழே ஒன்பதரை அடியில் தொடங்கி வெளிமுனையை எட்டடிக்கு இறக்கியிருந்தால் ஒன்றரை அடி வாட்டம் தாராளமாகக் கிடைத்திருக்கும். போதாக்குறைக்கு, மொட்டைமாடித் தண்ணீர் விழும் பைப்பும் இந்த ஷீட்டின் மேலேயே கொட்டுகிறது. அதைத் தரைவரை தனியாக இறக்கியே ஆக வேண்டும்.

அடுத்தது சுவர் இணைப்பு. பெரும்பாலான ஒழுகல் இங்கேதான். ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தில் சிமெண்ட் கலவையை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். 12 அடி ஷீட் காலைக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையே கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். எந்தக் கலவையும் அதைத் தாங்காது, ஒரே கோடையில் விரிசல் விடும். சரியான வேலை இது: ஷீட்டுக்கு ஆறு அங்குலம் மேலே சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, ஃபிளாஷிங் தகட்டின் (சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே மூடும் வளைத்த தகடு) விளிம்பை மடித்து உள்ளே சொருகி, பியூ சீலண்ட் (ரப்பர் போல நீண்டு சுருங்கும் பாலியூரிதேன் பசை) அடைக்க வேண்டும். தகட்டின் கீழ்ப்பகுதி ஷீட்டின் மேல் எட்டு அங்குலமாவது படிய வேண்டும். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இதை இப்போதும் செய்துகொள்ளலாம். வாட்டத்தை மட்டும் கூரையைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது.

பொருளில் நடக்கும் திருட்டு கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். மூன்றரை அடி அகலம் மூடும் 10 அடி ஷீட், 0.50 மில்லிமீட்டர் கனம் என்றால் 13 முதல் 14 கிலோ வரும். 0.35 என்றால் 9 முதல் 10 கிலோதான். கூரையைத் தாங்கும் இரும்பு பைப்பும் அப்படியே: 2-க்கு 2 அங்குலச் சதுர பைப், 20 அடி நீளம், 2 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 18 கிலோ. 1.2 மில்லிமீட்டர் 11 கிலோ. வெல்டிங் வைத்து முனையை அடைத்த பிறகு கனத்தைப் பார்க்க வழியில்லை. வண்டியிலிருந்து இறக்கும்போதே எடை போடுங்கள்.

ஸ்க்ரூவையும் கையில் வாங்கிப் பாருங்கள். ஓர் அங்குல ஸ்க்ரூ வந்திருந்தால், ஷீட்டின் பள்ளத்தில், தண்ணீர் ஓடும் இடத்திலேயே முடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். மேட்டில் முடுக்க இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டும், ரப்பர் வாஷரோடு. துண்டு ஷீட்டுகளை நடுவில் ஒட்டுப் போடவும் விடாதீர்கள். கேட்ட நீளத்துக்கு ஒரே ஷீட்டாக வெட்டித் தருவார்கள்.

இதற்குப் பயந்து கான்கிரீட் தளத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய தளத்தின் ஓரத்தில் துளை போட்டு நாலு கம்பியைச் சொருகி, புதுத் தளத்தை அதோடு ஒட்ட வைப்பார்கள். புது அஸ்திவாரம் கொஞ்சம் அமரத்தான் செய்யும். அமரும்போது சரியாக அந்தக் கோட்டில் விரிசல் வரும். புதுத் தளம் தன் தூண்களில் தனியாக நிற்கட்டும். நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, சீலண்ட் அடைத்து, மேலே தகடு மூடச் சொல்லுங்கள்.

ஷீட்டானாலும் தளமானாலும் கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். ஹோஸ் பைப்பை எடுத்து, பழைய சுவர் ஓரம் முழுக்க அரை மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே சுவர் காய்ந்திருந்தால் பணத்தைக் கொடுங்கள்.