ஆக்டிவ் வாய்ஸா, பாசிவ் வாய்ஸா? எதை எங்கே எழுதுவது?

பள்ளி ஆங்கிலத்தில் ஆக்டிவ் (செய்வினை), பாசிவ் (செயப்பாட்டு வினை) பாடம் இடம் மாற்றிப் போடும் கணக்காகவே நடக்கிறது. சப்ஜெக்டைப் பின்னால் தள்ளு, ஆப்ஜெக்டை முன்னால் கொண்டுவா, 'பை' சேர். பரீட்சைக்கு அது போதும். எந்த வாக்கியத்தை எங்கே எழுதுவது என்பதை மட்டும் அந்தச் சூத்திரம் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பாடத்தின் உயிர்.

ரிப்பன் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியவர் லோகநாத முதலியார். அவரைப் பற்றிய கட்டுரையில் 'லோகநாத முதலியார் பில்ட் தி ரிப்பன் பில்டிங்' என்ற ஆக்டிவ்தான் பொருந்தும். மாளிகையைப் பற்றிய கட்டுரையில் 'தி ரிப்பன் பில்டிங் வாஸ் ஓப்பன்ட் இன் 1913' என்று எழுதலாம். திறந்தவர் யார் என்பது அங்கே தேவையில்லை என்றால் 'பை'யும் தேவையில்லை. பேச்சு எதைப் பற்றியதோ அது முன்னால் நிற்கிறது.

பேச்சுத் தமிழில் 'பைக் திருடப்பட்டது' என்று யாரும் சொல்வதில்லை. 'பைக்கைத் திருடிட்டாங்க' என்போம். அந்த 'ஆங்க' யாரையும் குறிப்பதில்லை. போலீஸ் புகாரில் 'தே ஸ்டோல் மை பைக்' என்று எழுதினால், யார் அவர்கள் என்று கேட்பார்கள். 'மை பைக் வாஸ் ஸ்டோலன்' என்றால் அந்தக் கேள்வியே எழாது. செய்தவர் தெரியாமல் நாம் 'ஆங்க' போடும் இடங்களில் பாசிவ் இயல்பாகப் பொருந்தும். பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

பொறுப்பு என்று வரும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. ஓஎம்ஆர் அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் 'தி ஃபைல் வாஸ் டெலீட்டட்' என்று இருந்தால், அழித்தவர் ஒளிந்துகொள்கிறார். 'வி டெலீட்டட் தி ஃபைல்' நேர்மையானது. அதே ஆள் தெருக் குப்பையைப் பற்றி மனு எழுதினால் 'தி கார்பேஜ் ஹேஸ் நாட் பீன் கலெக்டட்' நல்லது. படிக்கும் அதிகாரிக்குக் குற்றச்சாட்டுக்கு முன் குப்பை தெரியும். இரண்டும் பொருந்துகிற இடத்தில் நான் ஆக்டிவையே எடுப்பேன்.

ஓர் எச்சரிக்கை. 'ஆன் ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பண்ட் நியர் கிண்டி' என்று எழுதுகிறார்கள். ஹேப்பன், அரைவ் போன்ற, செயப்படுபொருள் ஏற்காத வினைகளுக்குப் பாசிவே கிடையாது. அந்த 'வாஸ்'ஐ அடித்துவிடுங்கள்.