ஜப்பானில் ஐந்து இரவு நானும் பட்டர் சிக்கனும்

போன நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜப்பான் போய் வந்தேன். எட்டு நாள், ஆளுக்கு 7,800 வெள்ளி (ரிங்கிட்). ஒசாகாவில் இறங்கி, தோக்கியோவில் திரும்ப விமானம் ஏறுவது. கோலாலம்பூரில் நம்மவர்கள் நடத்தும் ஒரு பயண நிறுவனம்தான் ஏற்பாடு. பெயர் வேண்டாம், தெரிந்த முகங்கள்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் 'தினமும் இரவு இந்தியச் சாப்பாடு' என்று போட்டிருந்தது. அம்மா மாட்டிறைச்சி தொட மாட்டார். ஜப்பானில் கடையில் விற்கும் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக்கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததால், அந்த ஒரு வரியை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

சொன்னபடியே செய்தார்கள். தொல்லையே அதுதான். ஒசாகாவோ கியோத்தோவோ கவாகுச்சி ஏரியோ, எங்கே இருந்தாலும் மாலை ஆறரைக்குப் பஸ் ஏதாவதொரு வட இந்தியக் கடை வாசலில் நிற்கும். நான் ரொட்டி, பட்டர் சிக்கன், மஞ்சள் பருப்பு. மூன்றாம் நாள் அம்மா கேட்டார்: "இதுக்கு மஸ்ஜிட் இந்தியாவுக்கே போயிருக்கலாமே?" (கோலாலம்பூரில் நம் கடைகள் நிறைந்த தெரு அது.)

பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. சுத்தமாக இருந்தது, ஓட்டுநர் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. விடுதி அறைகளில் இரண்டு பெட்டியைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை, ஆனால் அந்த ஊரில் அது சகஜம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிட்டதற்கே பாதிப் பணம் தகும். மீதிப் பாதிக்குத்தான் என் புகார். வழிகாட்டித் தம்பிக்குக் கழிவறை எங்கே, படம் எங்கே எடுக்கலாம், எத்தனை மணிக்குப் பஸ் ஏற வேண்டும், இந்த மூன்றும் அத்துபடி. அதற்கு மேல் கேட்டால் சிரிப்பார்.

ஒசாகா தோத்தோன்போரியில் 45 நிமிடம் கொடுத்தார்கள். கணவாய்க்கு அண்ணன் முறையான ஆக்டோபஸை மாவில் உருட்டி, நம் பணியாரச் சட்டி மாதிரி ஒன்றில் சுட்டுத் தருகிறார்கள், தக்கோயாக்கி. மேலே தூவிய மீன் சீவல் சூட்டில் நெளிந்து ஆடியது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "மாசிடி இது!" என்றார். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆச்சி மாசிச் சம்பல் இடிக்கிற நாளில் தெருவே மணக்கும், அந்த வாசம். அம்மா சொன்னது சரிதான். கத்ஸுவோபுஷி என்ற அந்த மீன் சீவலும் மாசிக் கருவாடு மாதிரியே சூரை மீனை வேகவைத்து, புகை போட்டு, கட்டை மாதிரி காய வைப்பதுதான். அதையும் கொம்பு என்ற கடற்பாசியையும் போட்டு எடுக்கும் தாஷிச் சாறுதான் அவர்களுடைய மீசோ சூப்பிலிருந்து ஊடோன் நூடுல்ஸ் வரைக்கும் அடித்தளம். சுத்த சைவக்காரர்கள் 'மீன் துண்டு இல்லை' என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். சாற்றில் என்ன என்று கேளுங்கள்.

நாராவில் ஒரு மணி நேரம். அதில் முக்கால்வாசியை மான்கள் தின்றன. பிஸ்கெட் வாங்கிய அம்மாவின் கைப்பையையும் ஒன்று இழுத்தது. தோதாய்ஜி கோயிலுக்குள் 15 மீட்டர் உயரப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். வழிகாட்டி "பெரிய புத்தர், ஆன்ட்டி" என்றதோடு முடித்துக்கொண்டார். அந்தப் புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்தவர் போதிசேனர், இந்தியாவிலிருந்து போன துறவி. தூரிகையில் நீள நீளமான கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களும் பிடித்துக்கொள்ள, அவர் கண்மணியைத் தீட்டினாராம். இதைக் கைப்பேசியில் படித்துச் சொன்னதும் அம்மா செருப்பைக் கழற்றப் போய்விட்டார். நம் கோயில்களில் ஸ்தபதி கண் திறக்கிற சடங்கு அவருக்குத் தெரியும். இங்கே செருப்போடு போகலாம் என்று சொல்லிச் சமாதானம் செய்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கியோத்தோவில் தங்கக் கோயில், கூட்டம், படம், சரி. ஃபுஜி மலை மேகத்துக்குள் இருந்தது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. தோக்கியோவின் அசாகுசா கோயில் வாசலில் தொங்கும் 3.9 மீட்டர் சிவப்பு விளக்கு மட்டும் அம்மாவுக்குப் பிடித்தது. 1960இல் அதைக் கொடுத்தவர் மாட்சுஷிதா, நம் வீட்டு நேஷனல் மின்விசிறியைச் செய்த கம்பெனிக்காரர் என்று சொன்னேன். "அந்தக் காத்தாடி இன்னும் ஓடுது" என்று விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஆறாம் நாள் 'சொந்த நேரம்'. பேக்கேஜில் பகலுக்கு எதுவுமே சேராத நாள். ரயில் அட்டையில் பணம் போட்டுக்கொண்டு ஷின்ஜுக்குவில் இறங்கி, நாகாமுராயாவைத் தேடிப் போனோம். பிரிட்டிஷ்காரர்களிடம் தப்பி 1915இல் ஜப்பான் வந்த இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிகாரி போஸை ஒளித்து வைத்த ரொட்டிக் கடை அது. அந்த வீட்டுப் பெண்ணையே அவர் கட்டிக்கொண்டார். ஜப்பான்காரர்கள் மாவு கரைத்த ஆங்கிலேயக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1927இல், எலும்போடு கோழி போட்ட இந்தியக் கறியை அங்கே கொண்டுவந்தவரும் அவர்தான். மற்ற கடைகளில் பத்துப் பன்னிரண்டு சென், இங்கே 80 சென். (ஆமாம், அப்போது அவர்களுக்கும் நம்மைப் போலச் சில்லறைக் காசு சென்தான்.)

எங்களுக்கு அது வெறும் கடையில்லை. 1943இல் சிங்கப்பூரில் நேத்தாஜியிடம் இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஒப்படைத்தவர் இந்த போஸ். தஞ்சோங் மாலிம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவின் அப்பா, என் தாத்தா, நேத்தாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். தாத்தாவின் அண்ணனை அதே ஜப்பான்காரன்தான் சயாம்-பர்மா ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போனான், திரும்பவில்லை. டிக்கெட் எடுத்தபோது அம்மா ஒரு வாரம் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கறி தனிக் கிண்ணத்தில் வந்தது. காரம் குறைவு, வெங்காயம் நன்றாக வதங்கிய மணம், கோழி எலும்பை விட்டு நழுவும் பதம். விலையை நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் கோலாலம்பூர் ஆளுக்கு வலிக்கும், ஆனால் இந்தப் பயணத்தில் மனசார வாங்கிய சாப்பாடு இது ஒன்றுதான். அம்மா கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு எலும்பைக் கையில் எடுத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பா இருந்தா இன்னும் ரெண்டு மொளகா கேட்டிருப்பாரு" என்றார்.

பெரியவர்களோடு போகிறவர்கள் பஸ்ஸுக்காக இந்த மாதிரி பேக்கேஜ் எடுக்கலாம். இரவுச் சாப்பாட்டைக் கழித்துவிட்டு விலை கேளுங்கள். காலையில் பசியாற ஃபேமிலிமார்ட் கடையில் ஊமே என்ற உப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை போதும். உப்பு நாரத்தங்காய் வைத்த பழைய சோறு ஞாபகம் வரும்.

அந்த ஆறாம் நாள் மாலை ஆறரைக்கு வழிகாட்டி அறைக் கதவைத் தட்டினார். "ஆன்ட்டி, டின்னர் ரெடி."

"எனக்கு வேணாம் தம்பி," என்றார் அம்மா. "என் பங்கு நானையும் நீயே சாப்பிடு."