இரத்தசோகை: பொதுக் களஞ்சியமா, களப்பணியாளர் பகிர்வா?

உலகில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரை இரத்தசோகை பாதித்திருப்பதால், அது குறித்த அறிவை எவ்வழியில் பகிர்வது என்பது உயிர் சார்ந்த கேள்வி. உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்கள் போன்ற பொதுக் களஞ்சியம், இரத்தசோகையைக் கண்டறிய 2024-இல் திருத்தப்பட்ட ஹீமோகுளோபின் வரம்புகளை எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலாகத் தருகிறது. ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடத் தொடங்கிய கர்ப்பிணி, மலம் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்சி அதை நிறுத்திவிடாதிருக்க, இது வழக்கமான விளைவுதான் என்று அவருடைய மொழியில் முன்கூட்டியே விளக்கும் பட அட்டைதான் உதவும். அத்தகைய அட்டைகளைக் களப்பணியாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும்போது பிழைகளும் பரவக்கூடும். எனினும் மலேரியா, குடற்புழு, பரம்பரைக் குறைபாடுகள் எனக் காரணங்கள் இடத்துக்கு இடம் மாறுவதால், நான் இவ்வழியையே முதன்மையாகக் கருதுகிறேன். மாத்திரை அளவுகளை மட்டும் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே அட்டைகள் கைமாற வேண்டும்.