உழைக்காமல் வரும் வருமானத்தில் வெளிநாட்டு ஓய்வு: போர்ச்சுகலா, ஸ்பெயினா, பனாமாவா, தாய்லாந்தா?

ஓய்வுக்காலத்தை வேறொரு நாட்டில் கழிக்கலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான்: மாதம் எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும்? அதை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தி, எங்கே குறைவாகக் கேட்கிறார்களோ அங்கே மனசை வைத்துவிடுகிறார்கள். இது தலைகீழான வழி என்பதுதான் என் எண்ணம். விசா முத்திரை விழுவது ஒரு நாள் சங்கதி, அதற்கப்புறம் இருபது வருடம் அங்கே வாழ வேண்டும். எந்த வகை வருமானம் செல்லும், வருடத்தில் எத்தனை மாதம் உள்ளே இருக்கச் சொல்வார்கள், வரி எப்படி, புதுப்பிக்கும்போது என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்த எண்ணுக்கே அர்த்தம் வரும்.

இருந்தாலும் எண்களைச் சொல்லிவிடுகிறேன். உழைக்காமல் வரும் வருமானத்தில் வாழ்பவர்களுக்கான போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு அந்த நாட்டின் குறைந்தபட்ச ஊதியம்தான் அளவுகோல்: 2025ல் மாதம் 870 யூரோ, 2026ல் 920. துணைக்கு அதில் பாதி சேரும், ஆக ஒரு தம்பதிக்கு 1,380 யூரோ. ஸ்பெயின், அரசு உதவிகளுக்கு வருமான அளவுகோலாக வைத்திருக்கும் ஐப்ரெம் என்ற மாதக் குறியீட்டைப் போல நாலு மடங்கு கேட்கிறது. அந்தக் குறியீடு 600 யூரோ என்றால் ஒருவருக்கு 2,400, துணையோடு 3,000. பனாமாவின் பென்ஷனாடோ என்ற ஓய்வூதியர் திட்டத்துக்கு மாதம் 1,000 டாலர், கூட வரும் ஒவ்வொருவருக்கும் 250. தாய்லாந்தில் 50 வயது முடிந்திருக்க வேண்டும், மாதம் 65,000 பாட் வருமானமோ வங்கியில் 8,00,000 பாட்டோ இருக்க வேண்டும். கிரீஸ் 3,500 யூரோவும் இத்தாலி வருடத்துக்கு சுமார் 31,000 யூரோவும் கேட்பதால் பலர் அந்த இரண்டையும் முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம், வரி விஷயம் வரும்போது அவை திரும்பவும் வரும்.

பனாமா 1,000 டாலர்தானே என்று பார்த்தால் மலிவாகத் தெரியும். ஆனால் அது ஆயுள் முழுக்க வரும் பென்ஷனாக இருக்க வேண்டும். வாடகை 3,000 டாலர் வந்தாலும், பங்குகளில் டிவிடெண்ட் கொட்டினாலும் இந்தக் கதவு திறக்காது. கோஸ்டா ரிக்காவும் பென்ஷனுக்கு அதே 1,000 டாலர்தான் கேட்கிறது, ஆனால் பென்ஷன் இல்லாதவர்களுக்கு ரென்டிஸ்டா என்று இன்னொரு வழி வைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மாதம் 2,500 டாலர் வரும் என்று உறுதி காட்டினால் போதும். போர்ச்சுகல் பென்ஷன், வாடகை, டிவிடெண்ட், ராயல்டி எல்லாவற்றையும் ஏற்கும். சேமிப்பையும் பார்க்கும், ஆனால் அதை வருமானத்துக்குத் துணையாகத்தான் பார்க்கும். கையில் பெரிய தொகை இருக்கிறது, மாத வருமானம் இல்லை என்பவர்களுக்கு ஸ்பெயின்தான் இளகிய மனசு காட்டும், வங்கி இருப்பையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். இத்தாலி நேர் எதிர், சேமிப்பு மட்டும் இருந்தால் அங்கே வேலைக்கு ஆகாது.

வேலை என்றதும் ஒரு விஷயம். ஸ்பெயினின் இந்த விசாவில் எந்த வேலையும் செய்யக்கூடாது, வீட்டில் உட்கார்ந்து வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆன்லைனில் செய்வதும் அதில் அடக்கம். முழு ஓய்வு பெறாமல் பாதி வேலையில் இருப்பவர்கள் இதைப் படிக்காமலே விண்ணப்பித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அங்கே தனி விசா இருக்கிறது. போர்ச்சுகலில் டி7 வழியாக வசிப்பு அட்டை கிடைத்துவிட்டால் வேலை செய்யத் தடை இல்லை.

சரி, எத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டும்? என்னைக் கேட்டால் ஓய்வு பெறுகிறவர்களுக்கு எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம், ஏனென்றால் பிள்ளைகள் ஒரு நாட்டில் இருப்பார்கள், வயதான அம்மா இன்னொரு நாட்டில் இருப்பார், வருடத்தில் பாதி நாள் விமானத்திலேயே போகும். போர்ச்சுகலின் தற்காலிக அட்டை செல்லும் காலத்தில் தொடர்ச்சியாக ஆறு மாதமோ, விட்டு விட்டு மொத்தம் எட்டு மாதமோதான் வெளியே இருக்கலாம். முதல் அட்டை இரண்டு வருடம், அப்புறம் மூன்று வருடம். ஸ்பெயினில் ஐந்து வருடம் முடித்து நீண்டகால வசிப்புரிமை வாங்க, அந்த ஐந்து வருடத்தில் மொத்தமே பத்து மாதத்துக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது. பேரக்குழந்தை பிறந்தால் நாலு மாதம் போய் இருப்போம், அப்புறம் வருடா வருடம் இன்னொரு நாலு மாதம் என்று நினைப்பவர்களுக்கு ஸ்பெயின் சரிப்படாது. பனாமா இதில் ரொம்பத் தாராளம், முதலிலேயே நிரந்தர வசிப்புரிமையைக் கையில் கொடுத்துவிடுகிறது.

தாய்லாந்தில் கணக்கே வேறு. எத்தனை நாள் வேண்டுமானாலும் வெளியே இருக்கலாம், ஆனால் கிளம்பும் முன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. அதை வாங்காமல் விமானம் ஏறினால் அந்த வருட அனுமதி அங்கேயே செத்துவிடும். உள்ளே இருந்தால் 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். வருடா வருடம் புதுப்பிப்பு. வங்கியில் போட்ட 8,00,000 பாட்டை விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம், பின் மூன்று மாதம் தொடக்கூடாது, மீதி மாதங்களிலும் 4,00,000க்குக் கீழே இறங்கக் கூடாது. பாஸ்புக்கில் அன்றைய தேதி வரவு தெரிய வேண்டும் என்பதற்காக, குடிவரவு அலுவலகம் போகும் நாள் காலையில் வங்கிக்குப் போய் 100 பாட் போட்டு, அச்சடித்துக்கொண்டு, வங்கிக் கடிதமும் வாங்கிக்கொண்டு ஓடுவது அங்கே வாழும் ஓய்வூதியர்களுக்குப் பழகிய காலை வேலை. அறுபதில் இது ஒன்றுமே இல்லை. எண்பதில், முட்டி வலியோடு, இதே வரிசையில் நிற்க முடியுமா என்பதை இப்போதே யோசித்துப் பாருங்கள்.

வரிதான் பெரிய பள்ளம். பத்து வருடம் முன்பு வந்த வீடியோக்களைப் பார்த்து போர்ச்சுகலில் வெளிநாட்டுப் பென்ஷனுக்கு வரி இல்லை என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகக் குடியேறுபவர்களுக்கான அந்த என்.எச்.ஆர். வரிச்சலுகை 2020லேயே புதிதாக வருகிறவர்களுக்கு 10 சதவீத வரியாக மாறியது, 2024ல் கதவையே மூடிவிட்டார்கள். இப்போது சாதாரணப் படிநிலை வரிதான், உச்சத்தில் 48 சதவீதம். ஸ்பெயினில் வருடத்துக்கு 183 நாளைத் தாண்டினால் உலகம் முழுக்க வரும் வருமானத்துக்கும் வரி, ஏதாவது ஒரு வகை வெளிநாட்டுச் சொத்து 50,000 யூரோவைத் தாண்டினால் அதைத் தெரிவிக்கும் மாடல் 720 படிவம், இது போக செல்வ வரி வேறு. செல்வ வரி நீங்கள் வாழும் மாகாணத்தைப் பொறுத்தது. மட்ரிட், அண்டலூசியா இரண்டும் தள்ளுபடி தருகின்றன. வீடு பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

இங்கேதான் கிரீஸும் இத்தாலியும் திரும்ப வருகின்றன. வெளிநாட்டுப் பென்ஷனோடு வருகிறவர்களின் வெளிநாட்டு வருமானத்துக்கு கிரீஸ் 15 வருடத்துக்கு வெறும் 7 சதவீதம் போடுகிறது. இத்தாலியும் அதே 7 சதவீதம்தான், ஆனால் தெற்கில் உள்ள சிறிய ஊர்களில் குடியேற வேண்டும். நல்ல பென்ஷன் உள்ளவர்களுக்கு நுழையும்போது அதிகம் கேட்கும் இந்த இரண்டு நாடுகளும் பத்து வருடக் கணக்கில் போர்ச்சுகலைவிட மலிவாகலாம். பனாமா, கோஸ்டா ரிக்கா இரண்டிலும் உள்நாட்டில் சம்பாதிப்பதற்குத்தான் வரி, வெளியிலிருந்து வரும் பென்ஷனைத் தொடுவதில்லை. தாய்லாந்து 2024 ஜனவரி முதல் விதியை இறுக்கிவிட்டது, வருடத்தில் 180 நாள் இருப்பவர்கள் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு வருமானம் வரிக்கு உட்படும். எங்கே போனாலும் இரட்டை வரி ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். அரசுப் பென்ஷனை அதைக் கொடுக்கும் நாடு மட்டுமே வரி விதிக்கலாம் என்ற பிரிவு பல ஒப்பந்தங்களில் உண்டு.

போர்ச்சுகல் பக்கம் இன்னொன்று, பலரும் கையைச் சுட்டுக்கொள்வது இங்கேதான். விசா கிடைக்கும் முன்பே அங்கே வீட்டு ஒப்பந்தம் காட்ட வேண்டும், பொதுவாக 12 மாதத்துக்கு. அதாவது தூதரகம் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும் மாதங்களில் நீங்கள் ஒரு காலி வீட்டுக்கு வாடகை கட்டுவீர்கள். போய்ச் சேர்ந்த பிறகு வசிப்பு அட்டைக்கு ஐமா என்ற குடிவரவு அமைப்பின் வாசலில் காத்திருப்பு. லட்சக்கணக்கான கோப்புகள் தேங்கிய அமைப்பு அது. இந்தச் செலவையும் 920 யூரோவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மருத்துவத்தில் ஸ்பெயினை நான் மேலே வைப்பேன். முதலில் தனியார் காப்பீடு வேண்டும், அதுவும் கையிலிருந்து பங்கு கட்டாத முழுக் காப்பீடு. எழுபதைத் தாண்டியவர்களைப் புதிதாகச் சேர்க்கப் பல நிறுவனங்கள் தயங்கும். ஆனால் ஒரு வருடம் வசித்துவிட்டால் சிறப்பு ஒப்பந்தம் என்ற வழியில் மாதம் 60 யூரோ கட்டி அரசு மருத்துவத்தில் சேரலாம், 65 வயதுக்கு மேல் என்றால் 157 யூரோ. ஏற்கெனவே இருக்கும் நோயைக் காரணம் காட்டித் தள்ளமாட்டார்கள். போர்ச்சுகலில் வசிப்பு அட்டை கிடைத்தால் பொது மருத்துவத்தில் பதிந்துகொள்ளலாம். தாய்லாந்தில் மருத்துவமனைகள் அருமை, ஆனால் பில் முழுக்க உங்கள் தலையில்.

ஆக, வாடகை வருமானம் உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு நான் போர்ச்சுகலைச் சொல்வேன், வரியைத் தாங்க முடிந்தால். ஆயுள் பென்ஷன் இருக்கிறது, அடிக்கடி பிள்ளைகளைப் பார்க்கப் போக வேண்டும் என்பவருக்கு யோசிக்காமல் பனாமா. ஒரே இடத்தில் நிலையாக இருப்பேன், நோய்நொடிக்குப் பயம் என்பவருக்கு ஸ்பெயின். தாய்லாந்தை ஐந்து, எட்டு வருடத் திட்டமாகத்தான் பார்ப்பேன்.

தம்பதியாகப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வியை வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பென்ஷன் ஒருவர் பெயரில் இருக்கிறது, அவர் முதலில் போய்விட்டால் மற்றவரின் அனுமதி என்ன ஆகும்? குடும்பப் பென்ஷன் பாதியாகக் குறைந்தாலும் அந்த நாட்டின் வரம்பைத் தாண்டுகிறதா என்று அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்து, தாண்டவில்லை என்றால் இருவர் பெயரிலும் தனித்தனி வருமானம் அமையும்படி செய்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.