எஸ்.பி. ரோட்டு மிலிட்டரி உதிரிக் கடை: தேதியைப் பார்த்து எடுங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது, ஏலத்தில் எடுத்த ராணுவ உதிரிகளை விற்கும் இந்தத் தமிழர் கடை. ரேடாரோ விமானமோ முப்பது நாற்பது வருடம் ஓடும். மிக்-21 நம் விமானப்படைக்கு 1963-ல் வந்தது, 2025-ல்தான் ஓய்வு பெற்றது. உள்ளே இருக்கும் பாகங்களின் தயாரிப்பு அதற்கு வெகுமுன்பே நின்றுவிடும். அதனால் கடைசி ஆர்டரில் மொத்தமாக வாங்கி அடுக்குவார்கள். கருவி போனபின் மிஞ்சியது ஏலத்துக்கு வரும். ஆகவே இங்கே 'புதுசு' என்றால் யாரும் மாட்டாதது என்றுதான் அர்த்தம்.

"மிலிட்டரி சாமான் சார், சாகாது" என்பார் கடைக்காரர். உலோகத்துக்குச் சரி. ரப்பருக்குச் சரியில்லை.

கடையின் பலம் வட்டக் கனெக்டர்கள், அதாவது பல ஒயர்களை ஒரே மூட்டில் இணைக்கும் செருகிகள். 38999 என்ற ராணுவத் தர எண் உள்ள வகையைத் தயங்காமல் எடுக்கலாம். பின்களில் தங்க முலாம் இருக்கும். பழைய தர எண்ணான 5015-ல் வெள்ளி முலாம் கறுத்திருந்தால் பரவாயில்லை, துடைத்தால் போகும். பின்பக்க ரப்பரை நகத்தால் அழுத்துங்கள்: பள்ளம் உடனே மீள வேண்டும். கல்லாகிக் கீறல் விட்டிருந்தால் அதன் வழியே ஈரம் இறங்கும். ஆலிவ் பச்சை உறை பெரும்பாலும் காட்மியம் முலாம். அதில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் தொடவே வேண்டாம், உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. அந்தத் தூள் நஞ்சு.

பின்கள் தனிப் பையில் வரும், எண்ணி வாங்குங்கள். 20-ஆம் அளவு பின்னுக்கு 20 முதல் 24 கேஜ் (தடிமன் எண்) ஒயர் பொருந்தும். பின்னை ஒயரோடு சேர்த்து அழுத்தி நான்கு பக்கமும் குழி போடும் கிரிம்ப் கருவி கட்டாயம். குறடால் நசுக்கினால் அதிர்வில் ஒயர் உருவிக்கொண்டு வந்துவிடும்.

ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பாக்கெட்டில் '3க்யூ06' என்பதுபோல் அச்சிட்டிருக்கும்: 2006, மூன்றாம் காலாண்டு. நைட்ரைல் வகை ரப்பர் என்றால், பிரிக்காத பாக்கெட்டிலேயே 15 வருடம்தான் கணக்கு. இங்கே கிடப்பதில் பெரும்பகுதி அதைத் தாண்டியது, விட்டுவிடுங்கள்.

கெப்பாசிட்டரில் '8723' என்றால் 1987-ன் 23-ஆம் வாரம். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்கை நேராக மாட்டாதீர்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வோல்டேஜை மெல்ல மெல்ல ஏற்றுங்கள். சில மணி நேரத்திலும் கசிவு மின்னோட்டம் இறங்கவில்லையென்றால் குப்பைதான்.

கனெக்டரை எடை போட்டும் தருகிறார், ஒவ்வொன்றாகவும் தருகிறார். எடைக்கு எடுத்தால் ஆணும் பெண்ணும் ஜோடி சேராது. ஜோடியாக மாட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாக எடுப்பதே லாபம். விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை. டார்ச்சும் பூதக்கண்ணாடியும் கையோடு கொண்டுபோங்கள்.