மீன் காட்சியகத்துக்கு ஒரு நாள்: தன்னார்வலர் பார்வையில்

மாற்றுத்திறனாளிகளை ஒரு நாள் வெளியே அழைத்துச் செல்லும் அமைப்பு ஒன்றின் பயணத்தில் தன்னார்வலராகச் சென்றுவந்தேன். இத்தகைய பயணங்களுக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுக்க நினைப்பவர்களுக்காக, அந்த ஏற்பாடுகள் எப்படியிருந்தன என்பதை இங்கே எழுதுகிறேன்.

முந்தைய நாள் அளித்த பயிற்சிதான் இவர்களின் பெரிய பலம். அன்பு, பொறுமை, சேவை என்று பேசிப் பொழுதைப் போக்காமல், சக்கர நாற்காலியைக் கையில் கொடுத்தே தொடங்கினார்கள். செங்குத்தான சரிவில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி இறங்க வேண்டும் என்பதையும், அமர்ந்திருப்பவரிடம் சொல்லாமல் அதை நகர்த்தவே கூடாது என்பதையும் செய்துகாட்டிப் புரியவைத்தார்கள். பார்வையற்றவரை நாம் பிடித்து இழுப்பதில்லை; அவர்தான் நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் வருவார். ஒருவருக்கு வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடங்களைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒவ்வொரு பயணியைப் பற்றியும் ஒரு பக்கக் குறிப்பு தரப்பட்டது. மருந்து நேரம், விழுங்குவதில் உள்ள சிரமம், ஒவ்வாத ஓசைகள் ஆகியவற்றோடு, எதைப் பற்றிப் பேசப் பிடிக்கும் என்பதும் அதில் இருந்தது.

வாகனத்தைக் குறை சொல்ல முடியாது. மின்தூக்கி சீராக இயங்கியது; நாற்காலிகளை நான்கு மூலையிலும் பட்டைகளால் தரையோடு பிணைத்த பிறகு, ஓட்டுநரும் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

இடத் தேர்வில்தான் யோசனை போதவில்லை. மீன் காட்சியகத்தின் மங்கிய வெளிச்சம், உதட்டசைவையும் சைகை மொழியையும் நம்பியிருப்பவர்களுக்குப் பேச்சையே துண்டித்துவிடுகிறது. தொட்டிகளுக்கு முன்னிருந்த கைப்பிடிக் கம்பி, நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்திலேயே குறுக்கே ஓடியது. ஏற்பாட்டாளர்களில் ஒருவர் முன்கூட்டியே போய் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய குறை நேர அட்டவணை. சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை ஒன்றுதான் இருந்தது. அங்கே காத்திருப்பதற்கென்று அட்டவணையில் நேரமே ஒதுக்கப்படவில்லை. தண்டுவடக் காயம் உள்ளவர்கள் படுக்கைப்புண் வராமலிருக்க அவ்வப்போது உடலைச் சாய்த்து அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான இடைவெளியையும் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. என்னோடு வந்த இளைஞருக்கு மூளை முடக்குவாதம். எழுத்துப் பலகையில் விரல் வைத்து உரையாடுவார். கம்பி மறைக்காத ஒரே தொட்டி கடற்குதிரைகளுடையது என்பதால், அதைவிட்டு நகர அவருக்கு மனமில்லை. ஒருங்கிணைப்பாளர் வந்து, என்னைப் பார்த்தே, “தம்பியைக் கூட்டிக்கொண்டு அடுத்த கூடத்துக்கு வந்துவிடுங்கள்” என்று அவசரப்படுத்தினார். தம்பி நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டார்: ‘அவர் போகட்டும்.’ நாங்கள் அங்கேயே இருந்தோம். அன்றைய பயணத்தில் அவருக்குச் சொந்தமான நேரம் அதுதான் என்பது என் எண்ணம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, பொழுதுபோக்கையும் ஓய்வையும் 30ஆவது பிரிவில் உரிமையாகவே வைத்திருக்கிறது. அப்படியிருக்க, கிளம்பும் நேரத்தில் அமைப்பின் பதாகைக்கு முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படமெடுத்தது நெருடலாக இருந்தது. படத்துக்கான ஒப்புதலைக் குடும்பத்தாரிடம் வாங்கியிருந்தார்களாம். வந்தவர்களோ அனைவரும் வயதுவந்தவர்கள்.

இத்தனைக்குப் பிறகும் முதன்முறை செல்பவர்களுக்கு இவர்களைப் பரிந்துரைப்பேன், அந்தப் பயிற்சி ஒன்றுக்காகவே. பெயர் கொடுக்கும்போதே அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் இருந்தால், எதைக் கைவிடலாம் என்று பயணிகளிடம் கேட்டீர்களா என்று விசாரியுங்கள். பயிற்சிக்கு வராதவர்களை மறுநாள் வண்டியில் ஏற்றுவதில்லை என்பதால், இரண்டு நாள்களையும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.