வெள்ளை ஓட்டுக்குக் கீழே எட்டுக் கோடை

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் இடம் வாங்கி அஸ்திவாரம் போட்டிருக்கும் என் அலுவலக நண்பர், மொட்டைமாடிக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டலாமா, உங்கள் வீட்டில் பலன் எப்படி என்று சென்ற வாரம் கேட்டார். ஐப்பசி மழையில் ஒழுகிய அதே மாடியைப் பழுது பார்த்து, கொத்தனாருக்கு ஒன்பதாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்த மறுநாள் அவர் கேட்டதால், உடனே பதில் சொன்னால் நியாயமாக இராது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் குடியேறி எட்டுக் கோடை முடிந்துவிட்டன. தரைத்தளம் மட்டுமே உள்ள வீடு என்பதால் மாடியில் விழும் வெயில் முழுவதும் எங்கள் தலைக்கு நேரே விழுகிறது.

மதுரையில் சித்திரை பிறந்த ஓரிரு நாளிலும் ஆவணி நடுவிலும் உச்சிப் பொழுதில் சூரியன் செங்குத்தாக நிற்கும்; நிமிர்ந்து நின்றால் நம் நிழல் காலுக்கடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் சுவர்கள் ஓரளவு தப்பித்துக்கொள்ள, சதுர மீட்டருக்கு 1,000 வாட் அளவுக்கு வரும் வெயிலைக் கூரைதான் ஏந்துகிறது. வெறும் சிமெண்டுத் தளம் அதில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்ளும். கான்கிரீட் கனமான பொருளாகையால் உறிஞ்சிய சூடு அடிப்பக்கத்துக்கு வந்து சேர நாலைந்து மணி நேரம் பிடிக்கும். வெளியே காற்று தணிந்து, நாம் சாப்பிட்டுப் படுக்கப் போகும் வேளையில் கூரையின் அடிப்பக்கம் அனலாகக் காய்வது இதனால்தான். மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும் கூரையை ஒட்டி நிற்கும் அந்தச் சூட்டைத்தான் அது கீழே தள்ளும்.

கூலிங் டைல்ஸ் எனும் வெள்ளை ஓடு இந்தக் கணக்கை முதல் வரியிலேயே மாற்றுகிறது. வெயிலின் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிறது. மாடிப்படி அறையின் கூரைக்கு மட்டும் காசு பற்றாமல் ஓடு ஒட்டாமல் விட்டிருந்தோம். அதுவே இப்போது எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் இடமாகப் பயன்படுகிறது. சென்ற கத்திரி வெயிலில், தொடாமலே சூடு பார்க்கும் கருவியை இரவல் வாங்கி மதியம் இரண்டு மணிக்கு அளந்தேன். படி அறையின் சிமெண்டுக் கூரை 58 பாகை, கழுவிவிட்ட ஓடு 41 பாகை காட்டின. இரவு ஒன்பது மணிக்கு உள்ளே கூரையின் அடியில் அளந்தபோது படி அறையில் 39, நடுக்கூடத்தில் 34 இருந்தன. அந்த ஐந்து பாகை வித்தியாசத்தில்தான் என் மாமியார் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார். ஏசி அவருக்கு ஆகாது.

ஆனால் கழுவிவிட்ட ஓடு என்று எழுதியதைக் கவனிக்க வேண்டும். அதே நாளில் ஆறு மாதத் தூசி படிந்திருந்த மூலையை அளந்தபோது 46 பாகை காட்டியது. புறா எச்சமும் புழுதியும் ஏறினால் வெள்ளை ஓடு சாதாரண ஓடாகிவிடும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. மாசி முடியும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேய்ப்பதும், கார்த்திகையில் பாசி பிடித்து வழுக்குவதும் இதனோடு சேர்ந்தவை. வற்றல் காய்ந்ததா என்று பார்க்க நண்பகலில் மாடிக்குப் போக வேண்டுமானால் என் மனைவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போகிறார். அந்த அளவுக்குக் கண் கூசும்.

ஒழுகலைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஓடுகளைப் பெயர்த்துவிடலாம் என்ற கோபத்தோடுதான் கொத்தனாரை அழைத்தேன். அவர் குத்துக்காலிட்டு அமர்ந்து கைப்பிடிச் சுவரின் அடியை விரலால் சுரண்டிக் காட்டி, "அண்ணே, ஓட்டுல ஒழுகல, ஓரத்துலதான் ஒழுகுது" என்றார். சுவரும் தளமும் சந்திக்கும் மூலையில் கலவையை அரைவட்டமாக வளைத்துப் பூசியிருக்க வேண்டும். முதலில் கட்டியவர்கள் அதைச் செய்யாமல் ஓடுகளை நேராகச் சுவரில் முட்டவிட்டிருக்கிறார்கள். வெயிலில் விரிந்தும் மழையில் சுருங்கியும் அந்த இணைப்பு நூலளவு விட்டுப்போயிருந்தது. அங்கே நுழைந்த நீர் ஓட்டுக்கடியில் பத்தடி நடந்து, சம்பந்தமே இல்லாத இடத்தில், டிவி அலமாரிக்கு மேலே சொட்டியது. சிம்மக்கல்லில் எங்கள் பாட்டி வீட்டில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீர் தெளித்து இடித்துப் போட்ட தளத்தில் அந்த வளைவு தப்பாமல் இருந்தது.

இவ்வளவு சொல்லியும் என் எரிச்சல் கூரையின் மேல் இல்லை. அது மேற்குப் பக்கத்துப் படுக்கையறைச் சன்னலின் மேல். ஆறடிக்கு ஐந்தடியில் இழுத்து மூடும் கண்ணாடிச் சன்னல். சன்ஷேடு வைத்தால் முகப்பு பழையபாணியாகத் தெரியும் என்று பொறியாளர் சொன்னார், நானும் தலையாட்டினேன். சித்திரையில் மாலை நான்கு மணிக்கு அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயிலை நான் தோராயமாகக் கணக்கிட்டால் 1,500 வாட் வருகிறது. அந்த நேரத்தில் வாளியில் வெந்நீர்க் கம்பியைப் போட்டுவிட்டு அறையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய சூடே ஏறத்தாழ 3,500 வாட்தான் என்பதால், நான் வாங்கிய ஏசியில் ஏறக்குறையப் பாதி இந்தச் சன்னலுக்கே வேலை செய்கிறது. இரண்டு மடிப்புத் திரை தைத்துப் போட்டோம், பயனில்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் திரையைச் சூடாக்கும். திரை அறையைச் சூடாக்கும். அந்தச் சூட்டைக் கண்ணாடி வெளியே விடாது. தடுப்பதென்றால் வெளியிலேயே தடுக்க வேண்டும்.

பிறகு காலந்தாழ்த்தி இரண்டடிச் சன்ஷேடு வைத்ததும் அரைகுறைதான், ஏனெனில் மேற்கு வெயில் மாலையில் தாழ்ந்து வந்து அதற்கடியில் நுழைந்துவிடுகிறது. கடைசியில் வேலை செய்தது, சன்ஷேடின் விளிம்பிலிருந்து தொங்கவிட்ட மூங்கில் தட்டி. ஆடிக் காற்று அதை இரண்டு முறை பிய்த்துக் கொண்டுபோய்ப் பக்கத்துக் காலி மனையில் போட்டது; மூன்றாவது முறை அடியிலும் கயிறு போட்டுக் கட்டினேன். கூரைக்கு ஆன செலவோடு பார்த்தால் தட்டிக்கான காசைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கூரையைப் புகழ்ந்ததிலும் ஒரு திருத்தம் உண்டு. 2018இல் வெளியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரை வழியே கடத்தப்படும் வெப்பம் சதுர மீட்டருக்கு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒரு பாகை வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றுக்கும் மேல். ஓடு வெயிலைத் திருப்புமே தவிர, உள்ளே வரத் தொடங்கிய சூட்டைத் தடுத்து நிறுத்தாது. அதற்குத் தளத்தின் மேலேயே, ஓட்டுக்கடியில், வெப்பத்தடுப்புப் பலகை ஒன்று பதித்திருக்க வேண்டும். என் கூரை அந்த விதிப்படி தேறாது. ஓடு ஒட்டிய அன்றே பலகையும் போட்டிருந்தால் கூலி ஒன்றாகவே முடிந்திருக்கும். இப்போது போடுவதானால் ஒட்டிய எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

நண்பருக்கு நேற்றிரவு பதில் சொன்னேன். ஓடு நல்லது, எட்டு ஆண்டில் நான் செய்த செலவுகளில் இதற்காக மட்டும் வருந்தியதில்லை. இருந்தும் நானாக இருந்தால் கட்டமாட்டேன், மேலே இன்னொரு குடும்பம் வசிக்கும் கீழ்வீடாகப் பார்த்து வாங்கியிருப்பேன், அதைவிட நல்ல கூரை இந்த ஊரில் கிடையாது என்றேன். அஸ்திவாரம் போட்டாகிவிட்டதே என்றார். அப்படியானால் மேற்கில் சன்னல் எத்தனை அடி என்று கேட்டேன்.